கார்ட்லெஸ் மெஷின் பேட்டரி எத்தனை வருஷம் உழைக்கும்?

கேள்வி இதுதான். மாடுலர் கிச்சன், வார்ட்ரோப் வேலை செய்கிற ஒருவர் 18 வோல்ட் கார்ட்லெஸ் ட்ரில் ஒன்றை இரண்டு 2 ஏஹெச் (ஆம்பியர் ஹவர், பேட்டரி எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) பேட்டரிகளோடு வாங்கியிருக்கிறார். கொஞ்ச நாள் கழித்து அதே பேட்டரியில் ஓடும் 4 இன்ச் கிரைண்டரையும் பேட்டரி இல்லாமல் தனியாக வாங்கிச் சேர்த்துக்கொண்டார். தினமும் வேலை இருக்கிறது. ஒவ்வொரு பேட்டரியும் நாளுக்கு இரண்டு தடவை சார்ஜ் ஏறும். இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. இப்போது ஒரு பேட்டரியைச் சார்ஜரில் செருகினால் சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கிறது, ஏற மறுக்கிறது. இன்னொன்று முழு சார்ஜ் காட்டுகிறது, நாலு ஸ்க்ரூ இறக்கியதும் நின்றுவிடுகிறது. கம்பெனி ஏமாற்றிவிட்டதா, செல் மாற்றினால் சரியாகுமா, அடுத்து வாங்கும்போது எதைப் பார்ப்பது என்று கேட்கிறார்.

ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். நாளுக்கு இரண்டு சார்ஜ், வருஷத்துக்கு 280 வேலை நாள் என்றால் 560 சார்ஜ் சைக்கிள் (முழுதாகத் தீர்ந்து ஒரு தடவை ஏறினால் ஒரு சைக்கிள்). இந்த மாதிரி மெஷின்களுக்குப் போடுகிற, அதிக மின்னோட்டம் கொடுக்கும் லித்தியம் அயான் செல்களுக்குத் தயாரிப்பாளர்கள் எழுதித் தரும் ஆயுள் பொதுவாக 250 முதல் 500 சைக்கிள் வரைதான். அதோடு செல் செத்துவிடும் என்று அர்த்தமில்லை. புதிதில் பிடித்த சார்ஜில் 60 முதல் 80 சதவீதம்தான் இனி பிடிக்கும் என்று அர்த்தம். உங்கள் பேட்டரிகள் அந்த எல்லையை முதல் வருஷத்திலேயே தாண்டிவிட்டன. காலண்டரைப் பார்த்தால் சீக்கிரம் போனதாகத் தெரியும். வாங்கிய வேலையைப் பார்த்தால் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கின்றன. இதே பேட்டரியை வீட்டில் படம் மாட்டவும் திரைச்சீலைக் கம்பி பொருத்தவும் வைத்திருப்பவருக்கு ஆறேழு வருஷம் வந்தால் ஆச்சரியமில்லை.

இதையே காசில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 18 வோல்ட், 2 ஏஹெச் பேட்டரி ஒரு முழு சார்ஜில் கொடுப்பது 36 வாட் ஹவர். 500 தடவை அதே அளவைக் கொடுத்தது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் வாழ்நாள் முழுக்கச் சேர்த்து 18,000 வாட் ஹவர், அதாவது 18 யூனிட் மின்சாரம். பேட்டரி விலை 3,000 ரூபாய் என்றால் ஒரு யூனிட் சுமார் 167 ரூபாய்! ஈபி கரன்ட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்ட்லெஸ் வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஏணி மேல் நின்று சீலிங்கில் ஸ்க்ரூ இறக்கும்போது வயர் காலில் மாட்டாமல் இருப்பதற்கு அந்தக் காசு தாராளமாகத் தகும். ஆனால் பட்டறையில் பிளக் பாயின்ட் பக்கத்திலேயே உட்கார்ந்து சதுரக் குழாய் அறுப்பதற்கு இந்த விலை மின்சாரத்தைச் செலவழிப்பது வீண்.

அப்புறம், உங்கள் கேள்வியில் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கிரைண்டர்தான். சைக்கிள் கணக்கு பாதிக் கதை, மீதிப் பாதி அதில் இருக்கிறது.

பேட்டரியின் பிளாஸ்டிக் கூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பது டார்ச் செல் மாதிரியான உருளைகள். பெரும்பாலும் 18650 என்ற அளவு: 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், ஒன்றின் எடை சுமார் 45 கிராம். புதிய பேக்குகளில் கொஞ்சம் பெரிய 21700 வருகிறது, அதாவது 21க்கு 70. ஒரு செல்லின் சராசரி வோல்டேஜ் 3.6, ஐந்தைத் தொடராக இணைத்தால் 18. முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வரை போகும், ஆக 21. இங்கேயே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பாஷ், மகிடா 18 என்று போடுவதும், டிவால்ட் 20 வோல்ட் மேக்ஸ் என்று போடுவதும், பெயர் தெரியாத சீன மெஷின்கள் 21 என்று போடுவதும் ஒரே ஐந்து செல் வரிசைதான். டிவால்ட்டே அந்த வரிசையை ஐரோப்பாவில் 18 என்றுதான் விற்கிறது. மலிவு மெஷின்களில் 48விஎஃப், 88விஎஃப் என்றெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அது வோல்டேஜே இல்லை, மாடல் பெயர் என்று தப்பித்துக்கொள்வார்கள். திறந்து பார்த்தால் அதே ஐந்து செல் இருக்கும், சிலதில் அதுகூட இருக்காது.

2 ஏஹெச் பேட்டரியில் இருப்பது ஐந்தே செல். 4 அல்லது 5 ஏஹெச் பேட்டரியில் பெரும்பாலும் பத்து: இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்த்த ஐந்து ஜோடிகள். பேட்டரியின் ஆயுளைப் பொறுத்தவரை இதைவிட முக்கியமான வித்தியாசம் வேறில்லை, ஆனால் கடையில் யாரும் இதைச் சொல்வதில்லை. "பெரிய பேட்டரி அதிக நேரம் நிற்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரு சிறு மின்தடை உண்டு. நல்ல செல்லில் அது சுமார் 20 மில்லி ஓம். மின்னோட்டம் பாயும்போது அந்தத் தடை சூடாகும். எவ்வளவு சூடு என்பது மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்க்ரூ இறக்கும்போது ட்ரில் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்தால், ஒரு செல்லில் வெளிப்படும் வெப்பம் 2 வாட்தான். பேட்டரி கையில் லேசாக வெதுவெதுப்பாகத் தெரியும். கிரைண்டர் இரும்பை அறுக்கும்போது 30 ஆம்பியர் இழுப்பது சாதாரணம். அப்போது அதே செல்லில் 18 வாட். 45 கிராம் எடையுள்ள, நாலு பக்கமும் பிளாஸ்டிக் மூடிய ஒரு பொருளுக்குள் 18 வாட் வெப்பம் வெளியேற வழியில்லாமல் சேர்ந்தால் நிமிஷத்துக்கு 25 டிகிரி ஏறும். பத்து செல் பேக்கில் அந்த 30 ஆம்பியரை ஜோடியாகப் பகிர்வதால் ஆளுக்கு 15. வெப்பம் பாதியாகக் குறைவதில்லை, கால் பங்காகக் குறைகிறது: 4.5 வாட். சைக்கிளும் மிச்சம், ஏனென்றால் 2 ஏஹெச் பேட்டரி ஐந்து தடவை காலியாகி ஏறிச் செய்யும் வேலையை 5 ஏஹெச் இரண்டு தடவையில் முடித்துவிடும்.

சூடு ஏன் இவ்வளவு முக்கியம்? செல்லுக்குள் மைனஸ் பக்கமாக இருக்கும் கிராஃபைட் மேல் மெல்லிய ஒரு படலம் முதல் சார்ஜிலேயே உருவாகிறது. அது இருந்தால்தான் செல் நிலையாக வேலை செய்யும். ஆனால் வளரக் கூடாத வேகத்தில் வளர்ந்தால் பயன்பாட்டில் இருக்கும் லித்தியத்தைத் தின்றுவிடும், மின்தடையையும் ஏற்றிவிடும். வெப்பம் கூடக் கூட இந்த வேதிவினை வேகமெடுக்கும். மின்தடை ஏறினால் அடுத்த தடவை அதே வேலைக்கு இன்னும் அதிகச் சூடு, அந்தச் சூட்டால் இன்னும் அதிக மின்தடை. அதனால்தான் பேட்டரி ஒரு வருஷம் நன்றாக இருந்துவிட்டு அடுத்த சில மாதத்தில் மளமளவென்று இறங்குகிறது.

உங்கள் இரண்டாவது பேட்டரியின் நோய் இதுவாகத்தான் இருக்கும். விளக்கு முழு சார்ஜ் காட்டுவது பொய் இல்லை. சும்மா இருக்கும்போது வோல்டேஜ் 20க்கு மேல்தான் இருக்கும். ஆனால் செல்லின் தடை 20லிருந்து 60 மில்லி ஓமுக்கு ஏறியிருந்தால், ஐந்து செல்லுக்கும் சேர்த்து 0.3 ஓம், ஸ்க்ரூ கடைசி நூல் இறுகும்போது 20 ஆம்பியர் போனால் உள்ளேயே 6 வோல்ட் தொலைந்துவிடும். மெஷினுக்குப் போய்ச் சேருவது 14. செல்லுக்கு 2.5 முதல் 2.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவிடாமல் கட் ஆஃப் செய்யும் சர்க்யூட் அந்தப் பக்கத்தில்தான் காத்திருக்கிறது. நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தால் பேட்டரியின் சார்ஜ் விளக்கில் திரும்பவும் மூன்று கட்டம் எரியும். இந்த பேட்டரியைக் குப்பையில் போட வேண்டாம். எல்இடி வொர்க் லைட், சைட் ஃபேன் போன்றவை ஓரிரு ஆம்பியர்தான் இழுக்கும். அவற்றுக்கு இது இன்னும் நல்லபடியாக உழைக்கும். கரன்ட் போன சைட்டில் அந்த ஃபேனின் அருமை தெரியும்.

முதல் பேட்டரி கதை வேறு. சிவப்பு மின்னுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஐந்தில் ஒரு செல் மட்டும் விழுந்துபோயிருப்பது. ஐந்து பேர் தோள் கொடுத்துத் தூக்கும் பல்லக்கில் ஒருவர் கால் மடங்கினால் மற்ற நாலு பேரின் பலம் உதவாது. தொடர் இணைப்பும் அப்படித்தான். நடுவில் இருக்கும் செல்லுக்குச் சூடு வெளியேற வழி குறைவு, அது முதலில் மூப்படையும். சில பேக்குகளில் கட்டுப்பாட்டு போர்டு தனக்கு வேண்டிய துளி மின்சாரத்தை முதல் செல்லிலிருந்து மட்டும் எடுத்துக்கொள்ளும். மாசக்கணக்கில் தொடாமல் கிடந்தால் அந்த ஒரு செல் மட்டும் காலியாகிவிடும். பல டூல் பேக்குகளில் செல்களைச் சமப்படுத்தும் சர்க்யூட்டே கிடையாது. லேப்டாப் பேட்டரியில் சாதாரணமாக இருக்கும் விஷயம், விலை அதிகமான இந்தப் பேக்குகளில் இல்லாதது எனக்கு எப்போதும் எரிச்சலூட்டும்.

மல்டிமீட்டர் வைத்து நீங்களே ஓரளவு கண்டுபிடிக்கலாம். பேட்டரியின் ப்ளஸ், மைனஸ் தகடுகளில் டிசி வோல்ட்டை அளந்து பாருங்கள். முழு சார்ஜ் முடிந்ததும் 20.5 முதல் 21 வரை இருக்க வேண்டும். சார்ஜர் பச்சை காட்டியும் 19.5 போல நின்றால், ஏதோ ஒரு செல் முதலில் நிறைந்து சார்ஜரை நிறுத்தியிருக்கிறது, மற்றவை பாதி வயிற்றோடு இருக்கின்றன. முழு சார்ஜில் எடுத்து ஒரு வாரம் சும்மா வைத்து அளக்கும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் இறங்கியிருந்தால் ஒரு செல் உள்ளுக்குள் கசிகிறது. அளக்கும்போது மீட்டரின் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தச் செல்கள் ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கொட்டும். பையில் ஸ்க்ரூ, ஆணியோடு பேட்டரியைப் போடாமல் மூடியை மாட்டி வைக்கச் சொல்வதும் இதனால்தான்.

இந்தக் கட்டத்தில் வீடியோ பார்த்து ஒரு வித்தையைச் செய்யத் தோன்றும்: நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு வயர் இழுத்துச் செத்த பேட்டரிக்கு ஒரு நிமிஷம் தொட்டுக் கொடுத்தால் சார்ஜர் ஏற்றுக்கொள்ளும் என்பார்கள். ஏற்றுக்கொள்ளும்தான். ஆனால் சார்ஜர் மறுத்தது ஒரு காரணத்தோடு. செல் 2 வோல்ட்டுக்கும் கீழே இறங்கி நாள்கணக்கில் கிடந்தால், உள்ளே மின்சாரத்தைச் சேகரிக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். திரும்ப சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் முள் மாதிரிப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கலாம். அது அன்றைக்கே நடக்காது. பிறகு ஒரு ராத்திரி சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கும்போது நடக்கலாம். பிளைவுட்டும் மைக்கா ஒட்டும் பசையும் அடுக்கியிருக்கும் இடத்தில் இந்தச் சோதனை வேண்டாம்.

செல் மாற்றலாமா? மாற்றலாம், ஆனால் மூன்று விஷயம் சரியாக இருந்தால் மட்டும்.

முதலாவது, செல். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ 18650 என்று கேட்டால் எல்லா ரகமும் கிடைக்கும். 9,900 எம்ஏஹெச் (அதாவது 9.9 ஏஹெச்) என்று அச்சடித்தது வரும். அந்த அளவு உருளையில் இன்றைக்குப் பரவலாகக் கிடைக்கும் நல்ல செல்களே 3,500ஐச் சுற்றித்தான் நிற்கின்றன. அதுவும் உங்களுக்கு வேண்டியது கொள்ளளவு அதிகமான செல் இல்லை, மின்னோட்டம் அதிகமாகக் கொடுக்கும் செல். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்தது ஐந்து ஆம்பியருக்கு மேல் தாங்காது. அதை ட்ரில்லில் போட்டால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடிக்காது. சாம்சங் 25ஆர், சோனி ஆரம்பித்து இப்போது முராட்டா தயாரிக்கும் விடிசி வரிசை, எல்ஜி ஹெச்ஜி2, மோலிசெல் பி28ஏ போன்றவை இந்த வேலைக்கென்றே செய்தவை. இவற்றிலும் போலி உண்டு. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்தும் ஒரே ரகம், ஒரே பேட்ச், ஒரே வோல்டேஜில் இருக்க வேண்டும். செத்த ஒரு செல்லை மட்டும் மாற்றி மற்ற நாலு கிழங்களோடு சேர்த்தால் திரும்பவும் சமநிலை குலையும். அதற்குக் கொடுக்கும் கூலி தண்டம்.

இரண்டாவது, இணைப்பு. ஸ்பாட் வெல்டிங்தான். செல்லின் மேல் நேராக சால்டரிங் அயர்ன் வைத்தால் உள்ளே ப்ளஸ், மைனஸ் பக்கங்களைப் பிரித்து வைக்கும் படலம் உருகிச் செல் பிறக்கும்போதே ஊனமாகிவிடும். செல்களை இணைக்கும் பட்டையும் சுத்த நிக்கலாக இருக்க வேண்டும். நிக்கல் பூசிய இரும்புப் பட்டை மலிவு, ஆனால் தடை அதிகம், கிரைண்டர் லோடில் பட்டையே சூடாகும்.

மூன்றாவது, போர்டு. சில பிராண்டுகளில் பேட்டரிக்குள் இருக்கும் சிப் தோல்வியடைந்த சார்ஜ் முயற்சிகளை எண்ணி வைத்துக்கொண்டு ஒரு கட்டத்தில் நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். புதுச் செல் போட்டாலும் சிவப்புதான். திறப்பதற்கு முன்பே உங்கள் மாடல் அந்த வகையா என்று ஸ்பாட் வெல்டிங் செய்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வேலையே செய்துகொண்டிருப்பவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

இதெல்லாம் கூட்டிப் பார்த்தால் 2 ஏஹெச் பேக்கைப் புதுப்பிப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகாது என்பது என் கருத்து. பத்து செல் பேக்காக இருந்தால், கம்பெனி விலையும் எகிறியிருந்தால், அப்போது யோசிக்கலாம். கம்பெனி நிறத்திலேயே பாதி விலைக்கு வரும் "கம்பாட்டிபிள்" பேட்டரிகளைப் பற்றியும் கேட்பீர்கள். 6 ஏஹெச் என்று போட்டு உள்ளே 1.5 ஏஹெச் செல் பத்து வைத்தவையும், வெப்பம் அளக்கும் தெர்மிஸ்டருக்குப் பதில் ஒரு சாதாரண ரெசிஸ்டர் வைத்துச் சார்ஜரை ஏமாற்றுபவையும் சந்தையில் இருக்கின்றன. சார்ஜர் எப்போதும் 25 டிகிரி என்றே நம்பிக்கொண்டிருக்கும். ஒரு பிராண்ட் பேட்டரியை இன்னொரு பிராண்ட் மெஷினில் மாட்டும் அடாப்டரிலும் இதே மாதிரி ஒரு வில்லங்கம். கட் ஆஃப் சர்க்யூட்டைச் சிலர் பேட்டரிக்குள் வைக்கிறார்கள், சிலர் மெஷினுக்குள் வைக்கிறார்கள். இரண்டிலும் இல்லாத ஜோடி அமைந்துவிட்டால் பேட்டரி அடிமட்டம் வரை வடிந்துவிடும்.

சரி, புதியதை எப்படிக் காப்பாற்றுவது? நம் ஊரில் இதற்கு ஒரே எதிரி வெயில்.

கிரைண்டரில் காலியாகிச் சுடச்சுட இருக்கும் பேட்டரியை நேராகச் சார்ஜரில் போடாதீர்கள். பெரும்பாலான லித்தியம் செல்களை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல சார்ஜர் தெர்மிஸ்டர் மூலம் இதைப் பார்த்து ஆறும்வரை காத்திருக்கும், சிலதில் ஃபேனும் உண்டு. மலிவு சார்ஜர் கேட்காமல் ஏற்றிவிடும். அதனால்தான் மூன்று பேட்டரி வைத்துச் சுழற்றுவது நல்லது என்பேன்: ஒன்று மெஷினில், ஒன்று சார்ஜரில், ஒன்று நிழலில் ஆறிக்கொண்டு. சாப்பாட்டு நேரத்தில் சார்ஜரைத் தகரக் கொட்டகைக்குள்ளோ மொட்டை மாடி வெயிலிலோ வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். ஃபாஸ்ட் சார்ஜரை 4, 5 ஏஹெச் பேட்டரிக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். அதையே 2 ஏஹெச்சுக்குப் போட்டால் அது கொடுக்கும் 6 ஆம்பியரும் ஒரே வரிசைச் செல்களுக்குள் போகும். அவசரம் இல்லாதபோது கிட்டில் வந்த மெதுவான சார்ஜரே போதும். (குளிரில் எதிர்ப் பிரச்சினை: பூஜ்யம் டிகிரிக்குக் கீழ் சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படியும். ஊட்டியில் உறைபனி விழும் மாதங்களில் வேலை எடுப்பவர்கள் மட்டும் காலையில் பேட்டரியை அறைக்குள் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் போடலாம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை.)

சும்மா வைத்திருக்கும்போதும் பேட்டரிக்கு வயசாகும். முழு சார்ஜோடு சூடான இடத்தில் இருந்தால் வேகமாக ஆகும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்குப்படி, லித்தியம் அயான் செல்லை முழு சார்ஜில் 40 டிகிரியில் ஒரு வருஷம் வைத்தால் மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு நிரந்தரமாகப் போய்விடும். அதையே 40 சதவீதச் சார்ஜில் 25 டிகிரியில் வைத்தால் இழப்பு ஐந்து சதவீதத்துக்குள்தான். ஞாயிற்றுக்கிழமைக்காக மெனக்கெட வேண்டாம். பொங்கல், தேர்தல், மழை என்று இரண்டு வாரத்துக்கு மேல் வேலை இல்லை என்று தெரிந்தால் நாலு கட்டத்தில் இரண்டு எரியும் அளவில் விட்டு, மெஷினிலிருந்து கழற்றி, வீட்டுக்குள் ஒரு அலமாரியில் வையுங்கள். லோடு வண்டியின் டேஷ்போர்டிலும் வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலும் வேண்டவே வேண்டாம். முழுக்கக் காலியாக வைப்பது முழு சார்ஜைவிட மோசம். மேலே சொன்ன செம்புக் கதை அங்கேதான் தொடங்கும்.

"முழுசாகத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடணும், முதல் தடவை எட்டு மணி நேரம் போடணும்" என்று இன்னமும் கடைகளில் சொல்கிறார்கள். அது நிக்கல் காட்மியம் காலத்துப் பாடம். பிளாக் அண்ட் டெக்கர் 1961இல் முதல் கார்ட்லெஸ் ட்ரில்லைக் கொண்டுவந்தது முதல் நாற்பது வருஷத்துக்கும் மேல் இந்தத் தொழிலை ஓட்டியது அந்த ரகம்தான். பாதியில் பாதியில் சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே நினைவில் வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு இருந்தது. 2000களின் நடுவில் லித்தியம் வந்து அதை ஓரங்கட்டியது. காட்மியம் நச்சு என்பதால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2016 முடிவோடு கார்ட்லெஸ் மெஷின்களுக்கும் அது தடையாகிவிட்டது. லித்தியத்துக்கு அந்த ஞாபகம் கிடையாது. பாதியில் போடலாம், பாதியில் எடுக்கலாம், இரண்டு அரை சார்ஜ் சேர்ந்தால்தான் ஒரு சைக்கிள். சொல்லப்போனால் மெஷின் திணற ஆரம்பித்தவுடன் டிரிக்கரை விட்டுவிட்டு மாற்றிக்கொள்வதுதான் நல்லது. கடைசிச் சொட்டு வரை பிழிவது பழைய பேட்டரிக்கு மருந்து, புதியதற்கு விஷம்.

அடுத்து வாங்குவது பற்றி. உங்கள் மெஷின் பாடி நன்றாக இருந்தால் அதே பிராண்டில் தொடருங்கள். மெஷின் வாங்கும்போதே பேட்டரிக் குடும்பத்துக்குக் கழுத்தை நீட்டிவிடுகிறோம்; ஐந்து மெஷின் சேர்ந்த பிறகு மாற முடியாது. மெடாபோ 2018இலும் பாஷ் 2022இலும் வேறு கம்பெனிகளோடு பேட்டரியைப் பகிரும் கூட்டணிகளைத் தொடங்கினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நம் ஊர்க் கடைகளில் அதன் பலன் பெரிதாகத் தெரியவில்லை.

பேட்டரி வாங்கும்போது கிரைண்டருக்கும் சர்க்குலர் சாவுக்கும் 4 ஏஹெச்சுக்குக் குறையாமல் வாங்குங்கள். ட்ரில்லுக்கு 2 போதும். தலைக்கு மேல் பிடித்து வேலை செய்யும்போது அந்த எடைக் குறைவு தோளுக்கு நல்லது. லேபிளில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். தள்ளுபடியில் வருவது சில சமயம் இரண்டு வருஷம் குடோனில் கிடந்ததாக இருக்கும். மெஷினுக்கு ஒரு வருஷ வாரன்டி இருந்தாலும் பேட்டரிக்கு அதைவிடக் குறைவாக எழுதியிருக்கலாம். பில் போடும் முன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள். பிரஷ்லெஸ் மோட்டார் உள்ள மெஷினுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசை நான் பேட்டரிச் செலவிலேயே சேர்ப்பேன். கார்பன் பிரஷ் உரசலில் வீணாகும் மின்சாரம் மிச்சமாகிறது, அதே வேலைக்குப் பேட்டரி குறைவாகச் சூடாகிறது. அப்புறம் பட்டறைக்கு வயர் கிரைண்டர் ஒன்று. புது 2 ஏஹெச் பேட்டரியின் விலைக்குள்ளேயே நல்லது ஒன்று வந்துவிடும்.

வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் உறவினரிடம் வாங்கி வரச் சொல்வதும் நடக்கிறது. அங்கே வாங்கும் சார்ஜர் நம் 230 வோல்ட்டில் ஓடும், பிளக்கை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அமெரிக்காவிலிருந்து வரும் சார்ஜர் பெரும்பாலும் 120 வோல்ட் மட்டும். இங்கே செருகினால் புகை. விமானத்தில் தனி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், செக்கின் பெட்டியில் கூடாது. 100 வாட் ஹவர் வரை அனுமதி கேட்க வேண்டாம்; 18 வோல்ட் 5 ஏஹெச் 90 வாட் ஹவர், தப்பித்துவிடும். 6 ஏஹெச் என்றால் 108, அதற்கு விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். அங்கே வாங்கியதற்கு இங்கே வாரன்டி கிடைக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

இப்போது கையில் இருக்கும் இரண்டில், நாலு ஸ்க்ரூவில் நிற்பதை லைட்டுக்கு ஒதுக்கிவிடுங்கள். சிவப்பு மின்னுவதை ஒரு தடவை மட்டும் அளந்து பாருங்கள். மொத்தம் 15 வோல்ட்டுக்கு மேல் இருந்து, வாரன்டியும் முடிந்திருந்தால் ஸ்பாட் வெல்டிங் செய்பவரிடம் காட்டலாம். 10க்குக் கீழே இருந்தாலோ கூடு உப்பியிருந்தாலோ யோசிக்காதீர்கள். டெர்மினல்களின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள்; 2022இல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. பழைய இரும்புக் கடைக்குப் போட வேண்டாம், அங்கே சுத்தியலால் உடைத்துத்தான் பார்ப்பார்கள்.